பெண்களும் தையல் தொழிலும்

(பனமலையில் பெண்கள் கூட்டம் ஒன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று நம்மை இங்கு அழைத்தவர்கள் "எதைப் பற்றியாவது பேசுங்கள்" என்று சொல்லவில்லை. "எங்கள் ஊர்ப் பெண்கள் தையல் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறார்கள், கையில் காசு இல்லை, அதற்கு ஒரு வழி சொல்லுங்கள்" என்று விஷயத்தைச் சொல்லித்தான் அழைத்தார்கள். இப்படி அழைப்பவர்கள் அருமை. சாதாரணமாக நம்மை அழைப்பவர்கள் புராணத்தையும் பூசாரியையும் நன்றாய் வைதுவிட்டுப் போகும்படி கேட்பார்கள். நாமும் வைதுவிட்டு, சோடா குடித்துவிட்டு, பஸ் ஏறிவிடுவோம். மறுநாள் காலையில் அந்த ஊரில் அடுப்பெரிப்பதற்கு நம் பேச்சு ஒரு சுள்ளிக்குக்கூட உதவியிருக்காது. ஆகவே இன்றைய அழைப்பில் நமக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் பொறுப்பும் அதிகம். வைவது சுலபம், வழி சொல்வது கஷ்டம்.

வருகின்ற வழியில் ஏரிக்கரையில் நின்று உங்கள் மலைக்கோயிலைப் பார்த்தோம். பல்லவ ராஜா ராஜசிம்மன் காலத்தது, அதாவது சுமார் 1300 வருஷத்துக் கட்டடம். உள்ளே பாதி அழிந்துபோன நிலையில் ஒரு பெண்ணின் சித்திரம் இருக்கின்றது, பார்வதி என்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் காமெராவுடன் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அதைத் தீட்டிய கை நல்ல கை என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ராஜாவின் வம்சப் பெருமையைக் கல்லில் வடமொழியில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கல்லை வெட்டியவன் பெயரோ, வர்ணம் தீட்டியவன் பெயரோ நாம் எங்கும் படித்ததில்லை. கோயிலைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. கைவேலை செய்கின்றவனுக்கு நம் நாடு கொடுத்துவந்த மரியாதை இவ்வளவுதான் என்று காட்டுவதற்காகச் சொல்லுகிறோம். தையற்காரனும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்துத் தொழிலாளிகளை அடுக்கிக்கொண்டு போகும்போது துன்னகாரர் என்று ஒரு பெயர் வருகின்றது. துன்னகாரர் என்றால் துணி தைப்பவர். ஆகவே நம் நாட்டில் ஊசி புதிதல்ல. யார் கையில் ஊசி இருக்கலாம் என்பதுதான் தகராறு.

தோழர்களே! நம் நாட்டில் தொழில் என்பது கற்றுக்கொள்ளும் சங்கதியாக இருந்ததில்லை. பிறந்து பெற்றுக்கொள்ளும் சங்கதியாகவே இருந்து வந்திருக்கின்றது. குயவன் மகன் சக்கரம், வண்ணான் மகன் வெள்ளாவி, பார்ப்பான் மகன் மந்திரம். இதை மாற்றினால் உலகம் கவிழும் என்றார்கள். 1953ஆம் வருஷத்தில் சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியாயிருந்த ராஜகோபாலாச்சாரியார் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் தகப்பன் தொழில் என்று ஒரு திட்டம் போட்டார். நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பிற்று. 1954இல் அவர் பதவியை விட்டுப் போக, காமராசர் வந்தவுடன் திட்டமும் போயிற்று. அதை எதிர்த்தவர்கள் கைத்தொழிலுக்கே விரோதிகள் என்று சிலர் இன்றைக்கும் பேசுகிறார்கள். கைத்தொழில் வேண்டாம் என்று யார் சொன்னது? அப்பன் செய்ததைத்தான் மகன் செய்யவேண்டும் என்று கட்டிப்போடாதே என்றுதானே சொன்னது! 2023இல் டில்லி சர்க்கார் விஸ்வகர்மா என்ற பெயரில் 18 தொழில்களுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தபோதும், அதில் தையலும் ஒன்று, குடும்ப வழி என்ற பழைய வாடை அடிப்பதாகத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்சேபணை எழுந்தது. பிறகு 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு அரசு ஜாதியும் குடும்பமும் கேட்காத ஒரு கைவினைத் திட்டத்தைத் தனியே தொடங்கிற்று. எழுபது வருஷம் கழிந்தும் சண்டை அதே சண்டைதான் என்பதைக் கவனியுங்கள்.

இந்த இடத்தில்தான் தையல் யந்திரம் நமக்கு ஒரு நல்ல காரியம் செய்தது. வடக்கே தர்ஜி என்று தையலுக்கும் ஒரு ஜாதி உண்டு. நம் பக்கத்திலோ பெரும்பாலும் யந்திரம் வந்த பிறகு யார் யார் கற்றார்களோ அவர்களெல்லாம் கடை வைத்தார்கள். மிதித்துத் தைக்கும் யந்திரத்தை இன்ன வருணத்தான்தான் மிதிக்கவேண்டும் என்று மனு எழுதி வைக்கவில்லை. ஏன்? மனு அதைப் பார்த்ததில்லை! அதனால் நமக்கு ஒரு சந்து கிடைத்தது.

அந்த யந்திரத்தின் பிறப்பும் சுகமான பிறப்பல்ல. பிரெஞ்சு தேசத்தில் திமோனியே என்ற ஒரு ஏழைத் தையற்காரர் 1830இல் ஒரு யந்திரத்துக்குப் பட்டயம் வாங்கினார். மறு வருஷமே பாரிசுப் பட்டணத்துத் தையற்காரர்கள் கூட்டமாகப் புகுந்து அவருடைய யந்திரங்களை உடைத்துப் போட்டார்கள்; பிழைப்பு போய்விடும் என்ற பயம். அவர் வறுமையிலேயே செத்தார். அமெரிக்காவில் ஹோவ் என்பவர் ஊசியின் காதை நுனியிலேயே வைத்துச் செய்த யந்திரத்துக்கு 1846இல் பட்டயம் வாங்கினார். 1851இல் சிங்கர் அதைத் திருத்தி, மிதி வைத்து, ஊரெல்லாம் விற்றார். காந்தியார் யந்திரங்களுக்கு விரோதி என்று உங்களுக்குத் தெரியும். அவர்கூட 1924இல் ஒருவர் கேட்டதற்கு, சிங்கர் யந்திரத்துக்கு மட்டும் விலக்கு உண்டு என்றார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து அன்பினால் சிங்கர் இதைச் செய்தார் என்று காரணமும் சொன்னார். நாம் படித்தவரையில் அந்தச் சிங்கருக்குப் பல பெண்கள், இருபதுக்கு மேல் பிள்ளைகள். எந்த மனைவியின் கஷ்டத்தைப் பார்த்தாரோ தெரியாது! அன்பினாலோ காசினாலோ, யந்திரம் நல்ல யந்திரம்.

ஆனால் நமக்கு வேண்டிய சங்கதி வேறு. அந்த யந்திரத்தின் விலை அந்தக் காலத்து அமெரிக்கக் குடும்பத்துக்கே எட்டாததாயிருந்தது. அதனால்தான் சிங்கர் கம்பெனியார் 1850களிலேயே தவணை முறையைக் கொண்டுவந்தார்கள். ஆகவே "ஆசை இருக்கின்றது, காசு இல்லை" என்பது பனமலைப் பெண்கள் புதிதாகக் கண்டுபிடித்த கஷ்டம் அல்ல. யந்திரம் பிறந்த நாள்தொட்டு அது உள்ளது.

இப்போது நம் சொந்த அனுபவத்தைச் சொல்லவேண்டும். நாம் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்ததில்லை. பதினான்கு வயதில் ஒரு பட்டணத்துத் தையற்கடையில் கொண்டுபோய் விட்டார்கள். எட்டு மாதம் அங்கே இருந்தோம். டீ வாங்கி வருவது, கரிப்பெட்டியில் கங்கு போட்டு விசிறுவது, விழுந்த ஊசியைக் காந்தத்தால் பொறுக்குவது, பிறகு காஜா எடுப்பது, பட்டன் கட்டுவது. இதுதான் பாடம். துணி வெட்டும் நேரம் வந்தால் முதலாளி நமக்கு முதுகைத் திருப்பிக்கொள்ளுவார். எட்டிப் பார்த்தால் தலையில் குட்டு விழும். "வெட்டு கைராசி, அது எல்லோருக்கும் வராது" என்பார். நாமும் நம்பினோம். வேதத்தைக் காதில் கேட்டால் ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்றவனுக்கும், வெட்டுவதைப் பார்த்தால் குட்டு என்றவனுக்கும் புத்தி ஒன்றுதான் என்று அப்போது நமக்குத் தெரியவில்லை.

ஒருநாள் வீட்டில் நமது கிழிந்த சட்டை ஒன்று கிடந்தது. முதுகு பூராவும் போய்விட்டது. எறிவதற்கு முன் ஏதோ ஆத்திரத்தில் ஒரு பிளேடை எடுத்து, தையல் தையலாகப் பிரித்துப் போட்டோம். பிரித்துத் தரையில் விரித்ததும் கண் திறந்தது என்றே சொல்லலாம். முதுகு ஒரு துண்டு, முன்பக்கம் இரண்டு துண்டு, தோள்பட்டை, கை, காலர், பட்டி. கைக்குழியின் வளைவு முன்னால் அதிகமாயும் பின்னால் குறைவாயும் இருந்தது. ஏன் என்று நம் கையை முன்னால் நீட்டிப் பார்த்தோம், புரிந்தது. கை முன்பக்கமாகத்தான் அதிகம் அசைகின்றது, அங்கே துணி கூடினால் மடித்துக்கொண்டு நிற்கும். எட்டு மாதம் முதுகைக் காட்டி மறைத்த ரகசியம் ஒரு பழஞ்சட்டைக்குள் இருந்தது. அந்தத் துண்டுகளைப் பழைய தினசரிக் காகிதத்தின்மேல் வைத்து, சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டு, தையலுக்கு அரை இஞ்சு விட்டு வெட்டிக்கொண்டோம். அந்தக் காகிதம்தான் நமக்குக் குரு. தட்சிணை கேட்கவில்லை.

தாய்மார்களே! பணம் இல்லாதவர்களுக்கு நாம் சொல்லுகின்ற வழி இதுதான். முதலில் யந்திரத்தைப் பற்றி நினைக்கவே வேண்டாம். ஊசி, நூல்கண்டு, இஞ்சு டேப்பு, சாக்குக்கட்டி, ஒரு கத்தரிக்கோல். கத்தரிக்கோலில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்; அதைக் கொண்டு காகிதம் வெட்டாதீர்கள்; முனை மழுங்கிப் போகும். மற்றதெல்லாம் வீட்டில் இருக்கின்றது. பழைய வேட்டி, கிழிந்த சேலை, தினசரிக் காகிதம். குடும்பத்தோடு ஒருதரம் சினிமாவுக்குப் போய்வருகின்ற செலவுக்குள் இவ்வளவும் அடங்கும்.

கிழிந்துபோன ரவிக்கை ஒன்றைப் பிரியுங்கள். பிரிக்கும்போது அவசரம் கூடாது. எந்தத் தையல் முதலில் போட்டது, எது கடைசியில் போட்டது என்று பாருங்கள். கடைசியாகப் போட்ட தையல்தான் முதலில் பிரியும். அப்படியே தலைகீழாகத் திருப்பினால் தைக்கவேண்டிய முறை கிடைத்துவிடுகின்றது. தட்டையான துணி உருண்டையான உடம்புக்கு எப்படிப் பொருந்துகின்றது? அங்கங்கே முக்கோணமாகப் பிடித்துத் தைத்திருப்பார்கள். அதைத்தான் டார்ட்டு என்கிறார்கள். கழுத்துப் பட்டியை மட்டும் தனியே எடுத்து இழுத்துப் பாருங்கள். ரப்பர் மாதிரி நீளும். மற்றத் துண்டுகள் நீளா. நெசவு தெரிந்தவர்களுக்கு உடனே விளங்கும்: பாவின் வழியாய் இழுத்தாலும் ஊடையின் வழியாய் இழுத்தாலும் துணி கொடாது, மூலைக்கு மூலை இழுத்தால் கொடுக்கும். வளைவான கழுத்துக்கு வளைகின்ற பட்டி வேண்டுமாதலால் அதைக் குறுக்கே வெட்டியிருக்கிறார்கள். இதில் கைராசி எங்கே வந்தது? காரணம் இருக்கின்றது, அவ்வளவுதான்.

கை பழகுவதற்கு ரவிக்கையில் ஆரம்பிக்க வேண்டாம். நேர்த் தையலாக உள்ளதில் ஆரம்பியுங்கள். தலையணை உறை, பிறகு பை, பிறகு உள்பாவாடை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருதரம் உபயோகித்து எறிகின்ற பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் அரசாங்கமே மஞ்சப்பையை மறுபடியும் எடுங்கள் என்று இயக்கம் தொடங்கிற்று. மஞ்சப்பை தூக்கினவனைப் பட்டிக்காட்டான் என்று சிரித்த காலம் போய்விட்டது. பக்கத்துச் செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்க்கப்பட்டது. அங்கே வருகின்றவர்கள் கையில் பை வேண்டாமா? அது எங்கேயோ தைத்த பையாகத்தான் இருக்கவேண்டுமா? பையில் கோணல் வந்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள். ரவிக்கையில் கோணல் வந்தால் ஊர் முழுதும் சொல்லிவிடுவார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: பருத்தித் துணியை வெட்டுவதற்கு முன் தண்ணீரில் நனைத்து உலர்த்திக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே சுருங்கி, உங்கள் பெயரும் அதோடு சுருங்கிவிடும்.

நிற்க, சர்க்கார் கொடுப்பதை வாங்குவதில் வெட்கம் வேண்டாம். அது யாருடைய தானமும் அல்ல, உங்கள் வரிப்பணம். விதவைகள், கணவனால் கைவிடப்பட்டவர்கள், ஏழைப் பெண்கள், ஊனமுற்றவர்கள் ஆகியவர்களுக்கு இலவசத் தையல் யந்திரம் கொடுக்கும் திட்டத்துக்குத் தமிழ்நாட்டு அரசு சத்தியவாணி முத்து அம்மையார் பெயரை வைத்தது. தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்து மந்திரியாயிருந்த அம்மையார் அவர். வயதுக்கும் வருமானத்துக்கும் வரம்பு உண்டு. அதைவிட முக்கியம், தையல் கற்றதற்குச் சான்று வேண்டும். இங்கேதான் நம் பெண்கள் திகைத்துப் போகிறார்கள். யந்திரம் வேண்டுமானால் சான்று வேண்டும். சான்று வேண்டுமானால் யந்திரத்தில் பழகியிருக்க வேண்டும். இந்த முடிச்சை அவிழ்ப்பதற்குக் காசில்லாத வழி இருக்கின்றது. ஜில்லாதோறும் வங்கிகள் நடத்துகின்ற ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் என்று ஒன்று உண்டு. 1982இல் கர்நாடகத்தில் உஜிரே என்ற ஊரில் ஆரம்பித்த முறை அது, பிறகு நாடு முழுதும் வந்தது. தையலுக்குச் சுமார் ஒரு மாதப் பயிற்சி, சம்பளம் வாங்குவதில்லை, சாப்பாடும் போடுகிறார்கள். அரசாங்கத் தொழில்நுட்பப் பரீட்சையில் தையலுக்குக் கீழ்நிலை, மேல்நிலை என்று இரண்டு படிகள் உண்டு. அவற்றில் தேறித் தையல் ஆசிரியைகளாகப் போனவர்கள் பலர். எந்தச் சான்று எந்தத் திட்டத்துக்குச் செல்லும் என்பதைச் சேருவதற்கு முன்பே சமூகநல அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். தரகனை நடுவில் விடாதீர்கள். தரகன் என்பவன் கோயிலிலும் உண்டு, ஆபீசிலும் உண்டு. கடவுளுக்கும் உங்களுக்கும் நடுவிலும், மனுவுக்கும் உங்களுக்கும் நடுவிலும் அவன் வாங்குகின்றது ஒரே காணிக்கைதான். 2021 மே மாதத்தில் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று உத்தரவு போட்டபோது சிலர் கேலி செய்தார்கள். கிராமத்துப் பெண் ஒருத்தி பயிற்சிக்குப் போகாமல் நின்றுபோவதற்கு எவ்வளவு முறை அந்தப் பஸ் சில்லறையே காரணமாயிருந்தது என்று கேலி செய்தவர்களுக்குத் தெரியாது.

வாரத் தவணைக் கடன் வாங்கி யந்திரம் வாங்கலாமா என்று இங்கு வந்தவுடன் ஒரு தாய் கேட்டார்கள். வரும்படி வருவதற்கு முன் தவணை வந்துவிடும், அம்மா. முதலில் பழைய யந்திரம் உள்ள வீட்டில் மணிக்கணக்குப் பேசி மிதியுங்கள். மூன்று பேர் சேர்ந்து ஒரு பழைய யந்திரம் வாங்குங்கள். வாங்கும்போது சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள், இடையில் கடிக்கக்கூடாது. இரண்டு மடிப்புத் துணியில் தைத்துப் பார்த்து, மேலும் கீழும் தையல் ஒரே மாதிரி விழுகின்றதா என்று பாருங்கள். கீழே நூல் சுருண்டு வளையமாய் வந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் மேல் நூலின் இறுக்கம் தளர்ந்திருக்கும், அல்லது நூல் சரியாகக் கோத்திருக்காது. அதற்காக விலையைக் குறைத்துக் கேட்கலாம்!

இனி நமக்கு உள்ளே இருக்கின்ற தடைகளைப் பார்ப்போம். வெள்ளிக்கிழமை ஊசி கடன் கொடுக்கக்கூடாது, விளக்கு வைத்தபின் ஊசி எடுக்கக்கூடாது, கையிலிருந்து கைக்கு ஊசி கொடுத்தால் சண்டை வரும், உடுத்திய துணியை உடம்பிலேயே வைத்துத் தைத்தால் தரித்திரம். இவற்றில் சிலவற்றுக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்திருக்கலாம். அகல் விளக்கு வெளிச்சத்தில் ஊசி விழுந்தால் கிடைக்காது, காலில் ஏறும். உடம்பில் வைத்துத் தைத்தால் குத்தும். காரணத்தைச் சொன்னால் பிள்ளை கேட்காது என்று தரித்திரத்தைச் சொல்லிப் பயமுறுத்தினார்கள். இன்று மின்சார விளக்கு வந்துவிட்டது. பயம் மட்டும் அப்படியே இருக்கின்றது. கிரகணத்தில் கர்ப்பிணி ஊசியோ கத்தரியோ தொட்டால் பிள்ளைக்கு உதடு பிளந்துபோகும் என்பது இவற்றில் கொடுமையானது. கருவில் உதடு கூடுகின்றது நான்காம் வாரத்திலிருந்து ஏழாம் வாரத்துக்குள். அந்தச் சமயத்தில் பல பெண்களுக்குக் கர்ப்பம் என்பதே நிச்சயமாய்த் தெரிந்திருக்காது. அப்படியிருக்க ஏழாம் மாதக் கிரகணத்தில் தொட்ட கத்தரிக்கோல் எந்த உதட்டை வெட்டும்? பிளந்த உதட்டோடு பிறந்த பிள்ளையைச் சின்ன வயதிலேயே வைத்தியர்கள் தைத்துச் சரிசெய்கிறார்கள். எதைக்கொண்டு? ஊசியையும் நூலையும் கொண்டுதான்!

இதையெல்லாம்விட நமது மனதை உறுத்துகின்ற ஒரு சங்கதி உண்டு. நாம் போய்வருகின்ற ஊர் ஒன்றில் ஒரு பெண். பெயர் சொல்லவில்லை. இருபத்தெட்டு வயதில் கணவன் இறந்தான், இரண்டு பிள்ளைகள். கஷ்டப்பட்டுத் தையல் கற்றார். சர்க்கார் யந்திரமும் கிடைத்தது. கை சுத்தமான கை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் துணி, பாவாடை, அன்றாட ரவிக்கை எல்லாம் அவரிடம் வரும். முகூர்த்த ரவிக்கை மட்டும் வராது. தாலி அறுத்தவள் கைபட்ட துணி மணப்பெண்ணுக்கு ஆகாதாம். சர்க்கார் விதவை என்பதற்காக யந்திரம் கொடுக்கின்றது. ஊர் அதே விதவை என்பதற்காக வேலை கொடுக்க மறுக்கின்றது. தையல் கூலியில் நல்ல கூலி கலியாண ரவிக்கைக்குத்தான் என்பது இங்குள்ள பெண்களுக்குத் தெரியும். ஒரு வருஷம் வைகாசி மாதம், கலியாணத்துக்கு நாலு நாள் முன்னால், பட்டணத்தில் தைத்துவந்த ரவிக்கை பெண்ணுக்குப் பொருந்தவில்லை. பெண்ணின் தாயார் இரவு எட்டு மணிக்கு மேல் கொல்லைப் புறமாக வந்து துணியைக் கொடுத்து, "நீ தைத்ததென்று யாரிடமும் சொல்லாதே" என்றாராம். அவர் தைத்துக் கொடுத்தார். பொருந்திற்று. கூலி எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டோம். "பட்டணத்துக் கூலிதான் வாங்கினேன், அண்ணா. கொல்லைவழி வந்ததற்காக ஏன் குறைக்கவேண்டும்?" என்றார். அந்தக் கலியாணமும் நன்றாய்த்தான் நடக்கின்றது என்று கேள்வி. ஆனால் அடுத்த கலியாண ரவிக்கை இன்னும் வாசல்வழியாக வரவில்லை. இந்தக் கூட்டத்தில் கலியாண வயதில் பெண் வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். யாரைப் பார்த்துச் சொல்லுகிறோம் என்று உங்களுக்குத் தெரியும்.

ரவிக்கை என்பது சின்னச் சங்கதி என்று நினைக்காதீர்கள். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் நாடார் முதலிய சமூகத்துப் பெண்கள் மேல்சீலை போடக்கூடாது என்று இருந்தது. போட்டவர்கள் உடம்பிலிருந்து தெருவில் கிழித்தார்கள். பல வருஷப் போராட்டத்துக்குப் பின் 1859 ஜூலையில்தான் சமஸ்தானத்து ராஜா தடையை நீக்கினார். அதே நாஞ்சில் நாட்டில், 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி ஒருவரின் மனைவி மார்த்தா மால்ட் என்ற அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு லேசுப் பின்னல் கற்றுக்கொடுத்தார். அந்தப் பிள்ளைகளில் அடிமைக் குடும்பத்துப் பெண்களும் இருந்தார்கள். அவர்கள் பின்னி விற்ற காசைச் சேர்த்து, தங்கள் எஜமானனுக்கே விலை கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழித்தது 1855இல். அதற்கு வெகுமுன்னமே ஊசியால் விடுதலை வாங்கியவர்கள் இவர்கள். மிஷனரிகள் வந்த நோக்கம் மதம் பரப்புவது. அதை நாம் மெச்சவில்லை. ஆனால் நம் கோயில்கள் எத்தனையோ சொத்து வைத்திருந்தும் அந்தப் பெண்கள் கையில் ஒரு ஊசி கொடுக்கவில்லையே, அதை என்ன சொல்ல?

ஒரு விஷயத்தில் உங்களையும் நம்மையும் சேர்த்தே எச்சரிக்க விரும்புகிறோம். பெண் ஏதாவது கற்கவேண்டும் என்றால் உடனே எல்லோரும் தையல் என்கிறார்களே, ஏன்? வீட்டைவிட்டு வெளியே போகவேண்டாம். குனிந்த தலை நிமிரவேண்டாம். சமையலும் ஆகும், பிள்ளையும் வளரும், நடுவில் நாலு காசும் வரும். ஆண்பிள்ளைக்கு இதைவிடச் சௌகரியம் உண்டா? 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மகாநாட்டில், பெண்களுக்கு ஆண்களைப்போலவே சொத்திலும் உத்தியோகத்திலும் உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பெண்களுக்குத் தையல் மட்டும் வேண்டும் என்று போடவில்லை. ஆகவே தையல் கற்றவர் அதோடு நிற்கவேண்டாம். யந்திரத்தைப் பிரித்து எண்ணெய் போடக் கற்றவருக்கு ஸ்கூட்டர் பிரிப்பது வெகுதூரம் அல்ல. மோட்டாருக்குக் கம்பி சுற்றுவதும் நூல் சுற்றுவது போன்றதுதான், கொஞ்சம் கணக்கு அதிகம். இந்த ஊரில் எந்தப் பெண்ணாவது பம்பு செட்டு ரிப்பேர் கற்கிறேன் என்றால் நாம் இன்னொருதரம் சொந்தச் செலவில் வந்து பேசுவோம்.

சம்பாதிக்கின்ற காசு யார் கையில் போகின்றது என்பதையும் பாருங்கள். உறவுக்காரர்கள் துணி கொண்டுவந்து, "நம்ம வீட்டுப் பிள்ளைதானே" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நம்ம வீட்டுப் பிள்ளைக்கு நூல் சும்மா வருகின்றதா? கூலியை ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். வாயால் கேட்கக் கூசுகின்றவர்களுக்காக அட்டை கேட்கும். வாங்கிய காசை உங்கள் பெயரில் உள்ள கணக்கில் போடுங்கள். கணவன்மார்கள் இங்கே சிலர் பின்னால் நிற்கிறார்கள். தோழர்களே! உங்கள் மனைவி முதல் மாதம் தைத்துச் சம்பாதித்த காசை "எங்கே?" என்று கேட்காமல் ஒரு மாதம் இருந்து பாருங்கள். கஷ்டமாகத்தான் இருக்கும். காஜா எடுப்பதும் முதலில் கஷ்டம்தான்.

பேச்சு அதிகமாகிவிட்டது, பஸ்ஸுக்கும் நேரமாகின்றது. ஆனால் வெறும் பேச்சோடு போகக்கூடாதென்று ஒரு கிழிந்த ரவிக்கை கொண்டுவந்திருக்கிறோம். நம் வீட்டில் கேட்டு வாங்கியதுதான். இரண்டு பிளேடும், பழைய காகிதமும், பென்சிலும் இருக்கின்றன. முன்னால் உள்ள நாலு பேர் வாருங்கள். அந்த விளக்கைக் கொஞ்சம் இப்படி நகர்த்துங்கள், தோழரே. தோள்பட்டைத் தையலிலிருந்து பிரிக்க ஆரம்பிப்போம்.